ஏழாவது பாட்டில் தூங்குகிறவர்

என் அப்பா பகலில் கண் அசந்து நான் பார்த்ததில்லை. காய்ச்சலில் உடம்பு நெருப்பாகக் கொதித்த நாட்களில்கூடச் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு கண்ணையும் விரியத் திறந்துவைத்திருப்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்து தெருவே கொட்டாவி விடும் நேரத்தில் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்வார். ஜன்னல் நேராகத் தெருவைப் பார்க்கும். போகிறவர் வருகிறவர் எல்லோரும் அவர் விழித்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். "யாருக்கு நிரூபிக்கிறீங்க, எதிர்வீட்டு நாய்க்கா?" என்று ஒருமுறை கத்தியிருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். அவர் நாற்காலியை நகர்த்தவில்லை.

இந்தப் பிடிவாதத்துக்கு முப்பத்தோரு வயது. அதற்கு முன்னால் அவர் ரயில்வே கேட்டுக்காரர். ஊருக்கு வெளியே, ஆலைக்குப் போகிற சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் அவருக்கு ஓர் அறை. கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். உள்ளே ஒரு ஸ்டூல், சுவரில் கைப்பிடியைச் சுற்றிப் பேசுகிற டெலிபோன், ஒரு ரிஜிஸ்டர், சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடி. வெளியே கேட்டை ஏற்றி இறக்க ஓர் இரும்புச் சக்கரம். ஸ்டேஷன் இரண்டு மைல் தள்ளி. அங்கிருந்து தண்டவாளம் இரண்டாகப் பிரியும். ஒன்று எங்கள் கேட்டு வழியாக வரும், இன்னொன்று ஆற்றங்கரையோடு போய்விடும்.

ஸ்டேஷன் மாஸ்டருக்கும் அப்பாவுக்கும் இடையில் இரண்டே சொற்கள்தான் புழக்கத்தில் இருந்தன. "கிளம்பியாச்சு" என்றால் வண்டி உன் பக்கம் வருகிறது, கேட்டை மூடு. "போயாச்சு" என்றால் வண்டி ஆற்றுப் பக்கம் போய்விட்டது, நீ பாட்டுக்கு இரு. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. இரண்டு வாய்ச் சோம்பேறிகள் பேச்சை மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்த பாஷை. பன்னிரண்டு வருஷம் அது ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது. பிறகு அந்த மாஸ்டர் ஓய்வு பெற்றுப் போனார். புதியவர் வந்தார். புதியவருக்கு இந்த பாஷையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அப்பாவுக்கு மறந்துபோயிருந்தது. பழகிப்போனதை யார் எடுத்துச் சொல்லப்போகிறார்கள்?

புதியவர் வந்த பதினோராம் நாள் நல்ல மழை. மாற்று ஆள் வராததால் அப்பா தொடர்ந்து பதினாறாவது மணி நேரமாக வேலையில் இருந்தார். மத்தியானம் மூன்று மணி வாக்கில் போன் வந்தது. "சரக்கு வண்டி ஒண்ணு நிக்குது, எந்தப் பக்கம்னு அப்புறம் சொல்றேன்." சற்று நேரம் கழித்து மறுபடியும் போன். "போயாச்சு." புதியவர் சொல்ல நினைத்தது, இங்கிருந்து போய்விட்டது, அங்கே வருகிறது என்பது. அப்பாவுக்குக் கேட்டது வேறு. அவர் ரிஜிஸ்டரில் அழகான கையெழுத்தில் "போயாச்சு, 3.10" என்று எழுதிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கேட்டு திறந்தே இருந்தது.

ஆலைத் தொழிலாளிகளை ஏற்றிய பஸ் வந்தது. கேட்டு திறந்திருந்தாலும் அந்த டிரைவர் வண்டியை நிறுத்தி, அறையைப் பார்ப்பான். அவன் வழக்கம் அது. அன்றைக்கும் நிறுத்தினான். மழையில் தண்டவாளத்தின் வளைவு தெரியவில்லை. அப்பா ஜன்னலில் தலையை நீட்டி, கையை வெளியே விட்டு, போ போ என்று காட்டினார். ஏழு பேர் இறந்தார்கள், டிரைவரும் சேர்த்து.

விசாரணை நடந்தது. தான் போன் செய்ததாகப் புதிய மாஸ்டர் சொன்னார். அது உண்மைதான். அப்பாவின் ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தார்கள். "போயாச்சு" என்று அவரே எழுதியிருக்கிறார். வண்டி புறப்பட்டுவிட்டது என்று தெரிந்தும் கேட்டை மூடவில்லை என்றால், பதினாறு மணி நேரம் வேலை பார்த்த மனிதர், தூங்கியிருக்கிறார். இவ்வளவுதான் கணக்கு. அப்பா சொன்ன இரண்டு சொற்களின் கதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாததால் அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அவர் கையெழுத்தே அவருக்கு எதிர்சாட்சி. டிரைவருக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள், அவரும் கவனிக்காமல் வந்திருக்கிறார் என்று. கேட்டுக்காரர் தூங்கினார் என்று முடிவானபிறகு, டிரைவரைப் போ என்று சொல்ல ஆள் ஏது?

இந்த ஒரு வரிதான் அப்பாவைத் தின்றது. வேலை போனதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. ஒரு மர டிப்போவில் பலகை அடுக்கப் போனார், இருபது வருஷம் அடுக்கினார். "மூடாதது நான்தான். அதை இல்லைன்னு சொல்லலை. ஆனா முழிச்சுக்கிட்டேதான் மூடலை. தூங்கியிருந்தா எனக்கு எவ்வளவோ நிம்மதியா இருந்திருக்கும்" என்பார். "அவன் நின்னான். என் கையைப் பார்த்துட்டுத்தான் வந்தான். அதை யாராவது சொல்லணும்ல?"

அவர் தேடிப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அந்த டிரைவரின் மனைவியே ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போது பத்து வயது. உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றார். "என் வீட்டுக்காரர் நின்னு பார்த்தாரா, பார்க்காம வந்தாரா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"நின்னு பார்த்தாரும்மா. நான்தான் கையைக் காட்டினேன்."

"பேப்பர்ல அப்படி இல்லையே" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பது மாதிரிச் சொன்னார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். காகிதத்தில் இல்லாதது நடக்கவில்லை என்பதை நான் அன்றைக்கே படித்துக்கொண்டேன். அதனால்தானோ என்னவோ, நகல் எடுக்கும் கடை வைத்துப் பிழைக்கிறேன்.

கடை பொது நூலகத்துக்கு எதிரே. நகல் கடைக்காரிக்கு ஒரு தர்மம் உண்டு. கண் காகிதத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும், எழுத்தைப் பார்க்கக் கூடாது. போன வருஷம் நூலகத்திலிருந்து ஓர் இளைஞன் பழைய பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வந்தான். தடித்த கண்ணாடி, தோளில் கிடார் உறை. இந்த ஊரின் பழைய கதைகளையும் ஆட்களையும் வைத்து ஒரு ராக் ஆல்பம் செய்கிறார்களாம். நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். நான் ஒவ்வொரு பக்கமாக மெஷின் கண்ணாடியில் கவிழ்த்துக்கொண்டே வந்தேன். ஒரு பக்கத்தைக் கவிழ்க்கும்போது கை நின்றது. என் அப்பாவின் முகம். பட்டனெல்லாம் போட்ட சட்டையில், யாரோ பின்னால் கூப்பிட்டதுபோல் பாதி திரும்பிய முகம்.

"இந்தக் கேட்டுக்காரர் இன்னும் இருக்காரா மேடம்? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான் கண்ணாடிக்காரன்.

"தெரியாது" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் என்னைத் தூங்குமூஞ்சி மகள் என்று கூப்பிடுவார்கள். வாத்தியார் கேள்வி கேட்டு நான் விழித்தால், "முழிச்சுக்கோ, உங்கப்பா மாதிரி இருக்காதே" என்பார்கள். அந்தப் பயத்தில் வந்த பொய் அது. இத்தனை வருஷம் கழித்து, நரைக்கத் தொடங்கியபின்னும் அந்தப் பயம் வாயில் முந்திக்கொண்டது. ஐந்து நிமிஷம் உட்காரவைத்து உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பக்கம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்தேன்.

ஆல்பத்தின் பெயர் "ஒன்பது பேர்". ஒன்பது பாட்டு, பாட்டுக்கு ஓர் ஆள். முதலில் பாலத்தைக் கட்டிவிட்டுப் பிறகு ஆற்றைத் திருப்பப் பார்த்த மேயர், வெள்ளத்தில் தபால் பையைத் தலையில் வைத்துக் கழுத்தளவு தண்ணீரில் நடந்த தபால்காரி, மூன்று முறை சிறையிலிருந்து தப்பி மூன்று முறையும் நேராகத் தன் வீட்டுக்கே போய் மாட்டிக்கொண்ட திருடன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. டிரம்ஸ் சத்தத்தில் நெஞ்சுக்கூடு அதிரும். இந்த ஊரில் யாரும் இந்த ஊரைப் பற்றிப் பாடியதே இல்லை. எனவே ஊர் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. அதிலும் ஏழாவது பாட்டை. மற்ற எட்டிலும் காது கிழியும். ஏழாவது மட்டும் ஒற்றைக் கிடாரில், தாலாட்டு மாதிரி.

"தூங்கு கேட்டுக்காரா, தூங்கு. பதினாறு மணி முழிச்ச கண்ணு, தூங்கு. பார்க்காம வர்ற பஸ்ஸுக்கு நீயா பதில்? தூங்கு கேட்டுக்காரா, தூங்கு."

அப்பா அதை முதலில் கேட்டது முடிவெட்டும் கடையில். பாதி முகம் மழித்து, பாதி முகம் சோப்பு நுரையோடு வீட்டுக்கு வந்து நின்றார். கடைக்காரர் துண்டைக்கூட வாங்க மறந்துவிட்டார் போலிருக்கிறது, கழுத்தில் அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைச் சரியாகப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"பார்க்காம வந்தானாம்" என்றார். "பாட்டாவே பாடிட்டாங்க."

அன்று நான் நகல் எடுத்ததை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அந்தக் குழுவைத் தேடிப் போனேன். டயர் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். சுவரெல்லாம் பழைய மெத்தை, தரையெல்லாம் ஒயர். கண்ணாடிக்காரனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. நான் யார் மகள் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டான். திட்டுவதற்காக வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன், அவனுடைய மரியாதையைப் பார்த்ததும் பாதி மறந்துபோயிற்று.

"மேடம், ஊரே அவரைத் திட்டுச்சு. நாங்க அவர் பக்கம் நிக்கிறோம்" என்றான். "பதினாறு மணி நேரம் வேலை வாங்கினா மனுஷன் தூங்காம என்ன செய்வான்? தப்பு அவர் மேல இல்லைன்னுதான் பாட்டே."

"அவர் தூங்கலை."

"தூங்கினா தப்பில்லைன்னுதான் மேடம் நாங்களும் சொல்றோம்."

"தம்பி, தமிழ்லதானே பேசறேன்? அவர் தூங்கவே இல்லை."

அவனுக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஊர் என் அப்பாவை வெறுத்திருந்த காலத்தில் நாங்கள் மறுத்துப் பேசலாம், சண்டை போடலாம். இப்போது ஊர் அவரை நேசிக்கிறது, தூங்கியதற்காகவே நேசிக்கிறது. அந்தத் தூக்கத்தைப் பிடுங்கினால் பாட்டில் என்ன மிஞ்சும்? இருந்தாலும் கண்ணாடிக்காரன் நல்லவன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தான். அப்பா இரண்டு சொற்களின் கதையைச் சொன்னார், மழையைச் சொன்னார், ஜன்னலில் கையை நீட்டியதைச் சொன்னார். சொல்லும்போது கையையும் நீட்டிக் காட்டினார். கண்ணாடிக்காரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

"ஐயா, பாட்டு வெளிய போயிடுச்சு. இனி அதைத் திருப்பி வாங்க முடியாது" என்றான். "ஆனா அடுத்த வாரம் மைதானத்துல கச்சேரி. ஏழாவது பாட்டுக்கு முன்னாடி மைக்கை உங்க கையில தர்றேன். நீங்களே சொல்லுங்க."

அந்த ஒரு வாரத்து அப்பாவை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தார். என்னிடம் சட்டையை இஸ்திரி போடச் சொல்லிவிட்டு, போட்டது சரியில்லை என்று தானே இன்னொரு முறை போட்டார். அலமாரிக் கண்ணாடியின் முன்னால் நின்று இரண்டு வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "நான் தூங்கலை. அந்த டிரைவர் நின்னு பார்த்தான், நான்தான் கையைக் காட்டிப் போகச் சொன்னேன்." மூன்றாவது வாக்கியம் வேண்டாம் என்றார். அதிகம் பேசினால் சாக்குச் சொல்கிற மாதிரி இருக்குமாம்.

"அந்த அம்மா வருவாங்களா?" என்று கேட்டார்.

"வந்தாலும் வருவாங்க" என்றேன். உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

மைதானத்தில் நாலாயிரம் பேர் இருந்திருப்பார்கள். எங்களை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். ஆறு பாட்டுக்கும் அப்பா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேயருக்காகக் கூட்டம் குதித்தது, திருடனுக்காக விசில் அடித்தது. ஆறாவது முடிந்ததும் கண்ணாடிக்காரன் மேடையின் ஓரத்துக்கு வந்து, "நம்ம கேட்டுக்காரர் இங்கே வந்திருக்கார். அவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். சத்தம் எழுந்தது பாருங்கள், அப்படியொரு சத்தத்தை என் அப்பாவுக்காக யாரும் எழுப்பி நான் கேட்டதில்லை. படியேற நான் கையைக் கொடுத்தேன். தட்டிவிட்டுத் தானே ஏறினார். பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முப்பத்தோரு வருஷம் கழித்து இதோ சொல்லப்போகிறார் என்று நம்பினேன். மனதார நம்பினேன்.

"நான் தூங்கலை" என்றார் அப்பா. குரல் நடுங்கவில்லை. மைதானத்தின் கோடிவரை போய் மோதித் திரும்பியது.

பிறகு எங்கிருந்தோ ஒரு பெண் குரல், கனிந்த குரல், "தூங்கு" என்றது. உடனே பத்துப் பேர், நூறு பேர், நாலாயிரம் பேர். தூங்கு கேட்டுக்காரா, தூங்கு. கிடார்கூட இல்லாமல், மொத்தக் கூட்டமும் பாடியது. கேலி இல்லை. ஒரு முகத்திலும் கேலி இல்லை. பலர் அழுதுகொண்டிருந்தார்கள். அப்பாவின் வாய் அசைந்தது, இரண்டாவது வாக்கியத்தைச் சொல்கிறார் என்று அவர் முன்னால் நின்ற எனக்கே உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. கேட்கவில்லை என்று அவருக்கும் புரிந்தது. அதனால் கையால் காட்டினார். ஜன்னலில் நீட்டிய அதே கையை உயர்த்தி, போ போ என்று ஆட்டினார்.

நாலாயிரம் கைகள் உயர்ந்தன. எல்லாம் அவரைப் போலவே ஆடின.

கண்ணாடிக்காரன் கூட்டத்தை நிறுத்தப் பார்த்தான், அதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு முறை கையைத் தூக்கினான், பிறகு விட்டுவிட்டான். கிடாரை எடுத்து அவர்களோடு சேர்ந்துகொண்டான். நானும் அவன் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். கீழே இறங்கி வந்த அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட இரண்டு பேர் குனிந்தார்கள். ஒரு பெண் அவர் கன்னத்தைத் தடவி, "உங்க மேல தப்பே இல்லை ஐயா" என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பாதி வழியில் அவர், "ரெண்டாவதை முதல்ல சொல்லியிருக்கணும்" என்றார்.

"ஆமாம்ப்பா" என்றேன்.

மேடையில் பதிவானதைக் குழு தனியாக வெளியிட்டது. அனுமதி கேட்டு ஆள் அனுப்பினார்கள், அப்பா படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். இப்போது பாட்டு அவர் குரலில்தான் தொடங்குகிறது. நான் தூங்கலை. பிறகு அந்தப் பெண் குரல். பிறகு ஊர். என் கடைக்கு வருகிறவர்களின் போன் மணி அடித்தால் என் அப்பா பேசுகிறார். தெருவில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜன்னலில் அவரைக் கண்டதும் நின்று, உள்ளங்கையை உயர்த்தி ஆட்டிவிட்டுப் போகிறார்கள். மரியாதையாகத்தான். முதல் சில நாட்கள் பதிலுக்குக் கையைத் தூக்கப் போய், பாதியில் இறக்கிக்கொள்வார். பிறகு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காரத் தொடங்கினார்.

போன வாரம் காகிதக் கட்டு ஒன்றை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று மத்தியானம் திரும்பி வந்தேன். சாப்பிட்ட தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. அப்பா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். தலை பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கண் மூடியிருந்தது. ஓடிப்போய்க் குனிந்தேன். மெல்லிய குறட்டை கேட்டது. தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்பலாமா என்று நின்றேன். எழுப்பினால், நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெருக்கோடியில் பிள்ளைகள் பேசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. அன்றைக்குக் கடையில் தெரியாது என்று சொன்ன அதே பயம் மறுபடியும் வந்தது, என்னை முந்திக்கொண்டு கையை நீட்டியது. ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.